புஷ்பவல்லியின் நெற்றியில் சிவப்பு வட்டம்

பிரிக்ஃபீல்ட்ஸ்,
புதன்கிழமை, 1986

மரியாதைக்குரிய இராமலிங்கம் மச்சானுக்குப் பழனியப்பன் வணக்கத்துடன் எழுதுவது. கிள்ளானில் நீங்களும் அக்காவும் பிள்ளைகளும் நலமாக இருக்க முருகன் துணை. இங்கே நலம் என்று எழுதத்தான் கை வரமாட்டேன் என்கிறது.

உங்கள் தம்பி வாசு தவறியதிலிருந்து என் தங்கை புஷ்பவல்லி எங்களோடுதான் இருக்கிறாள். பொட்டை அழித்த அவள் நெற்றியில் இப்போது காலைதோறும் பொட்டு அளவுக்கு ஒரு சிவப்பு வட்டம் வருகிறது, துடைத்தால் போவதில்லை, தேய்த்தால் இன்னும் சிவக்கிறது, சாயங்காலம் மங்குகிறது, மறுநாள் விடிந்தால் அதே இடத்தில் நிற்கிறது. பக்கத்து வீட்டு இராஜம்மா பாசாரில் அதைப் பார்த்துவிட்டு, "ஐயோ, செத்த புருஷன் வந்து வெச்சிட்டுப் போறான் லா!" என்று மீன் கடை முன்னாலேயே கத்தியவள், வாங்கிய மீனைக்கூட எடுக்காமல் ஓடினாள். அந்தப் பேச்சு கிள்ளான் வரைக்கும் வந்து, வெள்ளிக்கிழமை பந்திங்கிலிருந்து மந்திரவாதியை அழைத்து வந்து வாசுவின் ஆவியைக் கட்டப்போவதாக நீங்கள் சொல்லி அனுப்பியிருக்கிறீர்கள். அதைக் கேட்டதிலிருந்து புஷ்பா சோற்றைத் தொடவில்லை. எனக்கும் பயம்தான், இல்லை என்று சொல்லமாட்டேன். அவள் அறையைத் தாண்டும்போது முருகா முருகா என்றுதான் போகிறேன்.

ஆனால் கிளினிக் டாக்டர், "இது அலர்ஜி, அங்கிள். அவங்க மூஞ்சில போடுறது எல்லாத்தோட லேபிளையும் படிச்சுப் பாருங்க" என்றார். ரயில்வேயில் காலமெல்லாம் சரக்குச் சீட்டு படித்தவனுக்கு இது ஒரு வேலையா? பூதக்கண்ணாடியோடு உட்கார்ந்தேன். சோப்பு உறையில் வாயில் நுழையாத பெயர்கள் கூட்ஸ் வண்டி நீளத்துக்கு. பவுடர் டின்னில் 'வாங்கியான்' என்று மலாயில் ஒரே சொல், வாசனையாம், என்ன வாசனை என்று சொல்லவில்லை. சந்தேகப்பட்டதையெல்லாம் என் நெற்றியிலேயே தடவிப் பார்த்தேன். மறுநாள் எனக்கு மூன்று வட்டம். என் மனைவி சீதாலெட்சுமி, "உங்களுக்கு யாரு வந்து வெச்சா?" என்று கேட்டுவிட்டு அன்றிலிருந்து ஹாலில் படுக்கிறாள்.

சோப்பு, பவுடர், கிரீம் எல்லாவற்றையும் வீசியாயிற்று. வீடே பயத்தமாவில் குளிக்கிறது. ஆனாலும் இன்று காலையும் புஷ்பாவுக்கு வட்டம் வந்தது. பழைய பவுடரின் மிச்சமாகத்தான் இருக்கும். ஆகவே இது வெறும் அலர்ஜி, ஆவி இல்லை, வாசு வரவில்லை, தயவுசெய்து யாரையும் அழைத்து வராதீர்கள்.

அக்காவுக்கு எங்கள் அன்பைச் சொல்லுங்கள். பிள்ளைகள் நோய்நொடி இல்லாமல் வளரட்டும்.

இப்படிக்கு,
பழனியப்பன்

பி.கு.: எழுதியதைச் சீதாலெட்சுமிக்கு வாசித்துக் காட்டினேன். கேட்டுக்கொண்டிருந்த புஷ்பா உள்ளே போய், தலையணைக்கு அடியிலிருந்து ஒரு ஸ்டிக்கர் பொட்டு அட்டையை எடுத்து வந்து கொடுத்தாள். பாதி காலி. திருப்பித் திருப்பிப் பார்த்தேன். பசையில் என்ன இருக்கிறது என்று ஓர் எழுத்துகூட இல்லை. "எதுக்கும்மா இது?" என்றேன். "ராத்திரி அவரு வராரு அண்ணே. வெறும் நெத்தியோட அவரு முன்னாடி எப்படி நிக்கிறது? கட்டிட்டாங்கன்னா அப்புறம் வரமாட்டாரே" என்று அழுதாள். எனக்கும் அழுகை வந்துவிட்டது, மச்சான். கனவிலா என்று நான் கேட்கவில்லை. வெள்ளிக்கிழமை நீங்கள் மட்டும் வாருங்கள். வரும்போது கிள்ளானில் பசையும் சாயமும் இல்லாமல் மஞ்சளில் செய்த நல்ல குங்குமமாக ஒரு டப்பா வாங்கி வாருங்கள்.