மாப்பிள்ளை சொன்ன சின்ன நம்பர் ஊசி

பெருமதிப்பிற்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமனார் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் அத்தையும் சுகம். என் இடது தொடை மட்டும் சுகமில்லை. அங்கே தாங்களும் என் மகளும் சகல உறுப்புகளோடும் நலமாக இருக்க வேண்டுகிறேன்.

என் கால் மரத்துப்போவதற்கு டாக்டர் வாரம் ஒரு நரம்பு ஊசி எழுதிக்கொடுத்ததும், வீட்டுக்கு வந்து போட்டுக்கொண்டிருந்த நர்சம்மா ஊரை விட்டே போய்விட்டதும் தாங்கள் அறிந்ததே. "நீங்களே போட்டுக்க முடிஞ்சா அங்கேயே இருங்க மாமா. முடியலைன்னா வீட்டைப் பூட்டிட்டு எங்களோட வந்துடுங்க" என்று போனில் அன்போடு உத்தரவு போட்டீர்கள். தங்கள் வீட்டில் எங்களுக்கென்று ஒதுக்கிய அறையில் துணி துவைக்கும் மெஷின் ஏற்கெனவே குடியிருப்பதால், அதற்கு இடைஞ்சல் செய்ய மனம் வராமல், ஊசியை நானே போட்டுக்கொள்வதென்று முடிவெடுத்தேன். இந்த வீட்டை விட்டு நான் நகர்வதாக இல்லை.

"சின்ன நம்பரா பாத்து வாங்குங்க மாமா, வலிக்கவே வலிக்காது" என்று சொன்னீர்களே, அதை அப்படியே மருந்துக்கடையில் ஒப்பித்தேன். கடைக்காரர் பதினெட்டாம் நம்பர் ஊசியை எடுத்துவைத்து, "யாருக்கு சார், மாட்டுக்கா?" என்றார். அதை வைத்துக் கோணி தைக்கலாம். ஊசி விஷயத்தில் நம்பர் ஏற ஏறத்தான் ஊசி இளைக்குமாம். இவ்வளவு படித்த தங்களுக்கு இது தெரியாமல் இருந்திருக்காது, மாமனாரின் மன உறுதியைச் சோதித்திருக்கிறீர்கள். சரி, இருப்பதிலேயே பெரிய நம்பர் கொடுங்கள் என்றேன், சர்க்கரைக்காரர்கள் போட்டுக்கொள்ளும் தலைமுடி ஊசியைக் காட்டி, "இது தோலுக்கடியிலயே நின்னுடும் சார், உங்க மருந்து சதைக்குள்ள போகணும். ஒரு இஞ்ச்சா, ஒன்றரை இஞ்ச்சா?" என்றார். எப்படித் தெரியும் என்றேன். "தொடையில எவ்வளவு சதைங்கறதைப் பொறுத்தது" என்றார். எனக்குப் பின்னால் நின்ற வரிசை முழுவதும் என் தொடையைப் பார்த்தது. "வயித்துல இருக்கறதுல கால்வாசிகூட தொடையில இல்லைங்க, ஒரு இஞ்ச் போதும்" என்று கூட வந்திருந்த உங்கள் அத்தை வழக்கை முடித்துவைத்தாள். கடைசியில், மருந்தை இழுக்க அந்தக் கோணி ஊசி, குத்திக்கொள்ள இருபத்துமூன்றாம் நம்பர் என்று இரண்டு வகை வாங்கினோம்.

அடுத்து சிரிஞ்ச். ஊசியைச் சும்மா செருகுவது ஒன்று, திருகி மாட்டுவது ஒன்று. "எதுவா இருந்தா என்ன மாமா, எல்லாம் பிளாஸ்டிக்தானே" என்ற தங்கள் ஆராய்ச்சி முடிவுப்படி செருகுவதை வாங்கினேன். காற்றை வெளியேற்றலாம் என்று கொஞ்சம் அழுத்தினேன், ஊசி கழன்று பறந்து சோபா மெத்தையில் குத்திக்கொண்டு நின்றது, மருந்து முழுவதும் உங்கள் அத்தையின் மூக்குக்கண்ணாடியில். "இனிமே என் கண்ணு நரம்பெல்லாம் நல்லாருக்கும்" என்றாள். மறுபடி கடைக்குப் போய்த் திருகுவதை வாங்கிவந்தேன். தாங்கள் அனுப்பிய வீடியோவில் ஒரு பயில்வான் சிரித்துக்கொண்டே குத்திக்கொள்கிறான். அவனுக்கென்ன, யார் தொடையோ என்பதுபோல் குத்துகிறான். எனக்கோ ஊசி தோல்வரை வந்துவிட்டு, மறந்துபோன சாமானை எடுக்கப்போவதுபோல் திரும்பித் திரும்பிப் போனது. "குக்கர் சத்தம் போடறதுக்குள்ள போட்டுடுங்க, எனக்கு அடுப்படியில வேலை இருக்கு" என்றாள் உங்கள் அத்தை. குக்கர் கத்தியது, நானும் கத்தினேன், ஊசி உள்ளே போய்விட்டது. அப்போது நான் அழுததாக அவள் சொன்னால் நம்ப வேண்டாம், அது வியர்வை.

அதன்பின் தவறாமல் வாராவாரம் போட்டுக்கொள்கிறேன். உபயோகித்த ஊசிகளைக் கடைக்காரர் சொன்னபடி கெட்டியான டப்பாவில் போட்டு மூடிவைக்கிறேன். மருந்தின் மகிமையைச் சொல்லி முடியாது. கைப்பிடியைத் தொடாமல் மாடி ஏறுகிறேன். ஆகவே, எங்களைக் கூட்டிப்போகத் தாங்கள் சிரமப்பட்டு வர வேண்டாம். தங்கள் யோசனைகளையும் பத்திரமாக அங்கேயே வைத்துக்கொள்ளவும்.

தாங்களும் மகளும் ஊசி மருந்து இல்லாமல் நீடூழி வாழ ஆசிகள்.

இப்படிக்கு,
எவர் தயவும் தேவைப்படாத
மாமனார்

பின்குறிப்பு: உறையை ஒட்டப்போகும்போது உங்கள் அத்தை மருந்துப் பெட்டியைக் கொண்டுவந்து முன்னால் வைத்தாள். ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு கண்ணாடிக் குப்பியில் தண்ணீர் மாதிரி மருந்தும், ஒரு குட்டி பாட்டிலின் அடியில் கொஞ்சம் சிவப்புத் தூளும் இருக்கும். புதுச் செருப்புப் பெட்டியில் ஈரம் இழுக்க ஒரு பொட்டலம் போடுவார்களே, தூள் அந்த வகை என்று நினைத்து ஒதுக்கிவைத்திருந்தேன். பெட்டிமேல் எழுதியிருந்ததை அவள் படித்துக்காட்டினாள், தூள்தான் மருந்தாம். குப்பியில் இருப்பது அதைக் கரைக்கும் தண்ணீராம். நர்சம்மா கரைக்கும்போதெல்லாம் நான் சுவர்ப்பக்கம் திரும்பியிருந்தேன், பார்த்ததில்லை. டாக்டரிடம் போனில் கேட்டாயிற்று, ஆபத்தில்லை, ஆனால் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும் என்றார். மாடி ஏறியது நிஜம்தான். ஆனால் இன்று காலை செருப்பு கழன்றது தெரியாமல் தெருமுனை வரை ஒற்றைச் செருப்போடு போயிருக்கிறேன், பால்காரர் சொல்லித்தான் தெரிந்தது. மகளிடம் சொல்ல வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை ஒருதடவை வாருங்கள் மாப்பிள்ளை. கூட்டிப்போக வேண்டாம், நான் தூளைக் கரைக்கும்போது பக்கத்தில் நின்றால் போதும். எனக்குப் பயமாக இருக்கிறது.