ஆர்மெல் நாற்காலியை விட்டு எழுந்தாள்

கோன்கார்னோ, வியாழக்கிழமை

மதிப்பிற்குரிய மைத்துனர் குல்வென் அவர்களுக்கு,

உங்கள் அக்காள் கணவன் மாத்துரேன் வணக்கத்துடன் எழுதுவது. இவ்விடம் மழை, மற்றபடி யாவரும் சுகம். அந்தச் சுகம்தான் பிரச்சினையே. உங்கள் சுகத்துக்கும் உங்கள் தொழுவத்துப் பன்றிகளின் சுகத்துக்கும் பதில் எழுதவும்.

உங்கள் அக்காள் ஆர்மெல் மத்தி மீன் டப்பா அடைக்கும் ஆலையில் ஈரத்தரையில் நின்றே காலத்தைக் கழித்தவள், இடுப்பு பிடித்துக்கொண்டு ஜன்னலோர நாற்காலியே கதியென்று கிடந்தாள், அவளைத் தூக்கி உட்காரவைப்பதும் படியிறக்குவதும் நான்தான், இதெல்லாம் உங்களுக்குத் தெரியும். ஆஸ்டியோபதி என்று ஒன்று இருக்கிறது, கையாலேயே மூட்டையும் தசையையும் இளக்கிவிடுவார்கள் என்று அந்த ரிவால் அம்மாளிடம் அனுப்பியதும் நீங்கள்தான். போனோம். எக்ஸ்ரேயைப் பார்த்தார், என்னென்ன மாத்திரை, எங்கேயாவது விழுந்ததுண்டா என்றெல்லாம் கேட்டார், சரி, விவரமான மனுஷி என்று நினைத்தேன். அப்புறம் பார்த்தால், இடுப்பு வலிக்கிறவளைப் படுக்கவைத்துக் கணுக்காலைப் பிடிக்கிறார்! பிறகு விலாவை! கேட்டே விட்டேன்.

"அம்மா, வலி இடுப்புல. நீங்க எங்கெங்கயோ சுத்துறீங்களே?"

"இடுப்பைப் போட்டு இழுக்கிறதே இதுங்கதான் ஐயா. சும்மா உக்காருங்க."

"எலும்பு சொடக்குற சத்தமே வரலையே?"

"இந்த வயசு எலும்பை நான் ஏன் சொடக்கணும்? தேஞ்ச மூட்டைப் புதுசாக்க என்னால ஆகாது. சுத்தி இறுகிக் கிடக்கிறதை இளக்கிவிட்டா, இருக்கிறதை வெச்சே கொஞ்சம் நல்லா நடப்பாங்க."

அதற்குள் ஆர்மெல் குறட்டை விட்டாள்.

அப்புறமும் சில தடவை போனோம், வீட்டில் பாத்திரம் கழுவும் தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு காலை ஆட்டச் சொன்னார், ஆட்டினாள், நானும் விளையாட்டென்று விட்டுவிட்டேன். போன ஞாயிறு மதியம் நண்டு வாங்கிக்கொண்டு வருகிறேன், நாற்காலி காலி! கட்டிலடியில் பார்த்தேன், துறைமுகத்துக்கு ஓடித் தண்ணீரை எட்டிப் பார்த்தேன், தீயணைப்புக்காரர்களையே கூப்பிட்டுவிட்டேன் ஐயா. அவர்கள் கயிறும் மிதவையுமாக வந்து இறங்க, மீனவர் மண்டபத்தில் குழல் ஊதுகிற சத்தம். உள்ளே போனால் ஊர்க் கிழங்கள் எல்லாம் சுண்டுவிரல் கோத்து வட்டமாக ஆடுகிறார்கள், நடுவில் உங்கள் அக்காள்!

"ஆர்மெல்! உன்னைக் கடல்ல தேடிக்கிட்டிருக்கோம்!"

"கடல்ல எனக்கென்ன வேலை? ஏன் மனுஷா, அழுறியா?"

"மழை."

"மண்டபத்துக்குள்ளயா?"

"சொல்லிட்டுப் போனா என்ன?"

"சொன்னா நீ என்னைத் தூக்கிக்கிட்டுல்ல வருவே!"

தீயணைப்புக்காரர்கள் சிரித்த சிரிப்பில் மிதவை கீழே விழுந்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. இத்தனை நாள் அவளுக்குக் காலாக இருந்தவன் இனி என்னதான் செய்வது? நண்டைக்கூட அவளே நின்று உடைத்தாள். ஆகவே வரும் ஞாயிறு தவறாமல் வந்து உங்கள் அக்காளைக் கண்டித்துவைக்கவும்.

உங்கள் வீடும் தொழுவமும் குறைவின்றி விளங்கட்டும்.

இப்படிக்கு,
அதிர்ச்சி தீராத மாத்துரேன்

பி.கு.: கடிதத்தை ஒட்டுமுன், அந்த ரிவால் அம்மாளை நேரிலேயே நாலு கேள்வி கேட்கலாமென்று இன்று காலை போனேன். உள்ளே கூப்பிட்டார், பெஞ்சியிலிருந்து என்னால் எழ முடியவில்லை. "உங்க சம்சாரத்தைவிட உங்க முதுகுதான் மோசம்" என்று என்னையே மேசையில் படுக்கவைத்துவிட்டார். கழுத்து இப்போது பாதி திரும்புகிறது. மீதிக்கு இன்னும் போக வேண்டுமாம். ஆர்மெல் எனக்குக் கோட்டை மாட்டிவிட்டு, "ஞாயித்துக்கிழமை ஆட்டத்துக்கு நீயும் வர்றே" என்கிறாள். ஆகவே நீங்கள் வர வேண்டாம். வீடு பூட்டியிருக்கும்.