இட்லிக்கு எண்ணெய்க் குளியல்

வேலையில் இருக்கும்வரை பொறாமைப்பட ஆள் தேட வேண்டியதில்லை. பக்கத்து மேசைக்காரருக்குப் பதவி உயர்வு வரும். நேற்றுவரை நமக்குக் கீழே இருந்தவர் இன்று ஜீப்பில் போவார். ஓய்வு பெற்றதும் அந்த வசதி போய்விடுகிறது. எல்லோருக்கும் அதே சர்க்கரை, அதே முழங்கால் வலி. யாரைப் பார்த்து வயிறெரிவது? எனக்கு மட்டும் 2004 கோடையில், டெக்சாஸ் மாநிலம் கேட்டியில், என் மகள் கவிதா வீட்டில், இந்தக் குறை தீர்ந்தது. அங்கே ஒரு நாய் இருந்தது.

நாயின் பெயர் இட்லி. நிறமும் உப்பலும் அப்படி. (முதல் நாள் மகள், "இட்லி, வா!" என்று கூப்பிட்டபோது கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தவன் நான்.) சமோயெட் என்ற இனம். அதன் பூர்வீகம் முழுவதும் எனக்குத் தெரியும், விரும்பிப் படித்ததல்ல. வருகிற விருந்தாளிக்கெல்லாம் காபி ஆறுவதற்குள் மாப்பிள்ளை ரவி சொல்லி முடித்துவிடுவார். சைபீரியாவில் ரெயின்டீர் என்கிற பனிமான்களை மேய்க்கும் மக்கள் வளர்த்த நாய் இது. மந்தையைச் சிதறாமல் ஓட்டி வரும். பனியில் சறுக்குவண்டி இழுக்கும். இரவில் கூடாரத்துக்குள் குழந்தைகளோடு படுத்து அவர்களுக்குக் கதகதப்புத் தரும். என்னைப் பற்றி அதே விருந்தாளிகளிடம் சொல்லப்பட்டது ஒரே வாக்கியம்: "இது மாமா, கவர்ன்மென்ட்ல இருந்து ரிட்டயர் ஆனவர்."

வெளியே டெக்சாஸ் வெயிலில் தார் உருகியது. வீட்டுக்குள் நான் ஸ்வெட்டரும் குரங்குக் குல்லாவுமாக உட்கார்ந்திருந்தேன். ஏசி இட்லியின் சௌகரியத்துக்கு வைக்கப்பட்டிருந்தது.

"ஏசியைக் கொஞ்சம் குறைச்சா என்ன?" என்றேன் மகளிடம்.

"இட்லிக்கு ஹீட் ஒத்துக்காதுப்பா."

"எனக்குக் குளிர் ஒத்துக்கலையே."

"நீங்க ஸ்வெட்டர் போட்டுக்கலாம். அது ஸ்வெட்டரைக் கழட்ட முடியுமா?"

தர்க்கத்தில் ஓட்டை இல்லை. அதனால்தான் கோபம் வந்தது.

இட்லியின் மேல் இருந்தது ஒரு ஸ்வெட்டர்கூட அல்ல, இரண்டு. மேலே நீண்ட முடி, அடியில் பஞ்சு போன்ற கம்பளி. தினமும் சீவிவிட வேண்டும்; இல்லாவிட்டால் சிக்கு விழும். இந்தப் பொறுப்பை என் மனைவி சரோஜா ஏற்றுக்கொண்டாள். ஊரில் மாலை சீரியல் பார்த்துக்கொண்டே எனக்குக் கொய்யாப்பழம் நறுக்கித் தந்த கை, இங்கே சீப்போடு நாயின் முதுகில் ஊர்ந்தது. "என் ராஜா, சமர்த்து, திரும்பிக்கோ கண்ணா" என்று கொஞ்சல் வேறு. எங்கள் மணவாழ்க்கை முழுவதையும் துழாவிப் பார்த்தேன். நான் திரும்பிக்கொண்டதை யாரும் பாராட்டியதாக நினைவில்லை.

அந்த நாய் என்னையும் மந்தையில் ஒன்றாக நினைத்ததுதான் உச்சம். எல்லோரும் ஹாலில் இருக்க நான் மட்டும் அறையில் பேப்பர் படித்தால் அதற்குப் பொறுக்காது. வந்து என் முழங்காலுக்குப் பின்னால் மூக்கால் முட்டி முட்டி ஹாலுக்கு ஓட்டிப் போகும். பல பேரை வரச் சொல்லிக் காக்கவைத்த அதிகாரியை ஒரு நாய் பட்டிக்கு ஓட்டியது.

இதையெல்லாம்கூடப் பொறுத்திருப்பேன். பேத்தி மீரா விஷயத்தில் முடியவில்லை. ஏழு வயது. கோடை முகாம் பஸ்ஸிலிருந்து இறங்கினால் நேராக இட்லியின் கழுத்தில் விழுவாள். பிறகு என்னைப் பார்த்து, தபால்காரருக்குக் காட்டுவது போலக் கை காட்டுவாள். ஊர் திரும்புவதற்குள் ஒரு தடவையாவது அவள் இட்லியைத் தாண்டி என்னிடம் ஓடி வர வேண்டும். அந்தக் கோடையில் எனக்கிருந்த ஒரே இலட்சியம் அதுதான்.

ஜூலை நாலாம் தேதி எங்கள் குடியிருப்பில் குழந்தைகள் ஊர்வலம். சைக்கிள், தள்ளுவண்டி, செல்லப்பிராணி எல்லாவற்றையும் அலங்கரித்துக்கொண்டு வருவார்கள், பரிசும் உண்டு. மீரா தன் சிவப்புப் பொம்மை வண்டியை அட்டை ஒட்டிச் சறுக்குவண்டியாக்கி வைத்திருந்தாள். அவள் உட்கார, இட்லி இழுக்கும்.

"தாத்தாவுக்கு என்ன வேலைம்மா?" என்றேன்.

கொஞ்சம் யோசித்தாள். "யூ கேன் வாட்ச், தாத்தா."

முந்தின நாள் சனிக்கிழமை. வண்டிக்கு ரிப்பனும் பஞ்சும் வாங்கிவிட்டு, அப்படியே ஹில்க்ராஃப்ட் தெரு இந்தியக் கடைகளில் மளிகையும் வாங்கி வர எல்லோரும் கிளம்பிவிட்டார்கள். வீட்டில் நானும் இட்லியும். அது நாக்கைத் தொங்கப் போட்டு இரைத்துக்கொண்டு கிடந்தது. எனக்குச் சட்டென்று விளங்கிவிட்டது: உடம்புச் சூடு! மாப்பிள்ளை படித்த அத்தனை இணையப் பக்கங்களிலும் இல்லாத வைத்தியம் என் கையில் இருந்தது. சூட்டைத் தணித்துவிட்டால், நாளை இட்லி குதிரை போல ஓடும். "தாத்தாதான் சரி பண்ணினார்" என்று ஊரே சொல்லும். ஊரை விடுங்கள், மீரா சொல்வாள்.

முறையில் நான் குறை வைக்கவில்லை. ஆண்களுக்குப் புதனும் சனியும். இட்லி ஆண், கிழமையும் சனி. நல்லெண்ணெயில் மிளகும் சீரகமும் போட்டு இளஞ்சூடாகக் காய்ச்சினேன். குளியல் தொட்டியில் நிறுத்தி உச்சியில் முதல் கை வைத்துப் பரபரவென்று தேய்த்தேன். இட்லி சிரித்தது. (அந்த இனத்துக்கு வாயமைப்பே அப்படி. அப்போது பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.)

ஆனால் எண்ணெய் போகும் இடம் தெரியவில்லை. ஒரு கிண்ணம் ஊற்றினேன், காணோம். இன்னொன்று ஊற்றினேன், அதுவும் காணோம். அடிக் கம்பளி குடித்துக்கொண்டே இருந்தது. டப்பா காலியான பிறகுதான் இட்லி நனைந்தது. நனைந்ததும் பாதியாகச் சுருங்கிப் பழுப்பு நிறத்தில் வேறு யாரோ போல நின்றது. ஊறவிட்டுச் சீயக்காயைக் குழைத்துப் பூசினேன். சீயக்காய் எண்ணெயை எடுக்கும் என்பது மனிதத் தலைக்குத்தான் பொருந்தும் போலும். இங்கே இரண்டும் சேர்ந்து சுவருக்குப் பூசும் கலவையானது.

அப்போது இட்லி உடம்பை ஒரு உதறு உதறியது. குளியலறைச் சுவர், கூரை, கண்ணாடி, என் மூக்குக் கண்ணாடி எல்லாம் ஒரே நிறம். கதவைச் சரியாகச் சாத்தவில்லை என்பது அது ஓடிய பிறகு தெரிந்தது. ஹாலில் வெள்ளைக் கம்பளம். அதன்மேல் அது புரண்டது. ஒரு மூலை விடாமல், மிகுந்த மனநிறைவோடு.

வாசலில் கார் வந்து நின்றது.

"ஐயோ, என்ன மாமா பண்ணீங்க?" ரவியின் கையிலிருந்த பை நழுவியது.

"உடம்புச் சூடு. எண்ணெய் தேய்ச்சுவிட்டேன்."

"அப்பா, அது நாய்ப்பா!" என்று கத்தினாள் மகள்.

"சனிக்கிழமைதானே?" என்றேன். அந்த நேரத்தில் என்னிடம் இருந்த ஒரே ஆதாரம் அது.

சரோஜா இட்லியைப் பார்த்தாள், காலி டப்பாவைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். "இத்தனை வருஷத்துல என் தலையில ஒரு சொட்டு வச்சிருப்பீங்களா? நாய்க்குக் காய்ச்சித் தேய்ச்சிருக்கார், மிளகு சீரகம் போட்டு!" அந்த வீட்டில் இட்லியைப் பார்த்துப் பொறாமைப்படுபவன் நான் ஒருவன் மட்டுமே என்று அதுவரை நினைத்திருந்தேன்.

மீராவின் கையில் ரிப்பன் சுருள் இருந்தது. "தாத்தா, ஹி இஸ் பிரவுன்," என்றாள் மெதுவாக. பிறகு அழுதாள்.

ரவி கால்நடை மருத்துவரைப் போனில் பிடித்தார். அவர் சிரித்து முடித்துவிட்டுச் சொன்னார்: முடியை மழிக்கவே கூடாது. குளிரைத் தடுக்கும் அந்த இரட்டை முடிதான் வெயிலையும் தடுக்கிறது. பாத்திரம் கழுவும் சோப்பால் திரும்பத் திரும்ப அலச வேண்டும். தோல்வரை உலர்த்த வேண்டும். ஈரம் தங்கினால் புண் வரும். நாளை வெளியே விடக் கூடாது, ஏசியிலேயே இருக்கட்டும். அன்று சாயங்காலம் முழுவதும் அலசினேன். ரவி முடி உலர்த்தும் கருவியைப் பிடித்தார். இட்லி கடைசிவரை சிரித்தது.

மறுநாள் காலை மீரா அலங்கரித்த வண்டியில் கைகட்டி உட்கார்ந்திருந்தாள். இழுக்க ஆளில்லை. நான் அருகே போய் நின்றேன். அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள், வண்டியைப் பார்த்தாள், பிறகு கயிற்றை எடுத்து என்னிடம் நீட்டினாள்.

"தாத்தா, யூ புல்."

இழுத்தேன். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, முழங்கால் கடகடக்க, முன்னால் தீயணைப்பு வண்டி, பின்னால் சைக்கிள் பட்டாளம். அந்த வெயிலில் எனக்கும் நாக்கு வெளியே வந்தது. பின்னாலிருந்து மீரா, "குட் பாய், தாத்தா! ஃபாஸ்டர்!" என்று கத்தினாள். வெட்கப்பட்டிருக்க வேண்டும். உண்மையில் வேகமாக ஓடினேன்.

முடிவில் ஒலிபெருக்கி வைத்திருந்த பக்கத்து வீட்டு அமெரிக்கர் குனிந்து, நாய் எங்கே என்று அவளிடம் கேட்டார். மீரா ஒலிபெருக்கியில் தெளிவாகச் சொன்னாள்: "மை தாத்தா புட் ஆயில் ஆன் ஹிம். ஸோ டுடே ஹி இஸ் த டாக்."

தெருவே கைதட்டியது. பெயர் பதிவு செய்யப்பட்டிருந்த பிரிவை மாற்ற விதியில் இடமில்லையாம். (நானாக இருந்தாலும் மாற்றியிருக்க மாட்டேன்.) ஆகவே செல்லப்பிராணிகள் பிரிவில் எனக்கு மூன்றாம் பரிசு. பரிசு ரிப்பனை என் சட்டையில் குத்தியதும் மீரா வண்டியிலிருந்து குதித்து ஓடி வந்து என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். அந்த நேரம் இட்லி வீட்டில் ஏசியில் படுத்திருந்தது. பார்க்க முடியவில்லையே என்று எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

இது நடந்து வெகுகாலம் ஆகிவிட்டது. வெள்ளிக்கிழமை தோறும் சரோஜாவின் தலைக்கு எண்ணெய் காய்ச்சித் தேய்ப்பது என் பணியாகிவிட்டது, விடுப்பு கிடையாது. மீரா கல்லூரித் தோழிகளை அழைத்து வரும்போதெல்லாம் என்னை அறிமுகம் செய்வது ஒரே விதமாகத்தான்: "திஸ் இஸ் மை தாத்தா. தேர்ட் பிளேஸ், பெட் கேட்டகரி." எல்லோரும் சிரிப்பார்கள், நானும் சிரிப்பேன்.

முதல் பரிசு ஓர் ஆமைக்குப் போனது. அதை ஒரு தட்டில் வைத்துத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். அது ஓரடிகூட நடக்கவில்லை. நடுவர் யாரென்று இன்றுவரை எனக்குச் சொல்ல மறுக்கிறார்கள்.