நாற்பத்தோராம் மாடியின் பின்பக்கத்துப் பால்கனி

கோபுரக் கட்டடத்தின் ஐம்பதாம் ஆண்டு மலர் ஆசிரியர் ஐயா அவர்களின் சமூகத்துக்கு, அந்தக் கட்டடத்தில் கான்கிரீட் ஊற்றுவதற்கு ஆறு வருஷம் சென்ட்ரிங் பலகை அடித்த கிழவன் பணிவோடு தெரிவித்துக்கொள்வது. முழங்காலைத் தவிர நான் முழுக்க நலம். தாங்களும் தங்கள் வீட்டாரும் முழங்கால் உட்பட நலமாக இருக்க வேண்டும். மரியாதை இத்தோடு முடிந்தது, இனி விஷயம்.

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. எழுதுவது என் மருமகள். அதே கட்டடத்தில் மேல்மாடிகளைத் துப்புரவு செய்கிறவர்களுக்கு அவள்தான் மேற்பார்வை. சொல்வதைச் சொன்னபடி எழுதுகிறேன் என்று ஒத்துக்கொண்டுதான் உட்கார்ந்திருக்கிறாள். ஆனால் இதற்குள்ளேயே ரெண்டு வார்த்தையை முழுங்கிவிட்டாள். எழுத்து தெரியாவிட்டால் என்ன, பேனா எங்கே நிற்கிறது என்று பார்க்க எனக்குக் கண் தெரியும்.

போன வாரம் நீங்கள் ஒரு பக்கத்தை அச்சடித்து அனுப்பி, பழைய தொழிலாளி என்ற முறையில் மஞ்சள் தொப்பி போட்டுக்கொண்டு போட்டோவுக்கு வரச் சொன்னீர்கள். அந்தப் பக்கத்தை மருமகள் வாசித்தாள். கட்டடத்தில் எல்லாப் பால்கனியும் கடலைப் பார்க்குது, நாற்பத்தோராம் மாடியில ஒண்ணே ஒண்ணு மட்டும் பின்னால இருக்கிற எங்க குடியிருப்பைப் பார்க்குது, கட்டினவங்களைக் கட்டடம் மறந்துடக் கூடாதுன்னு வரைபடம் போட்ட மேதை ஒரு நாள் முழுக்கச் சிந்தித்து அப்படித் திருப்பி வைத்தார் என்று போட்டிருக்கிறீர்கள். மூணு தடவை வாசிக்கச் சொன்னேன். மூணாவது தடவையும் அவர் சிந்தித்துக்கொண்டுதான் இருந்தார்.

ஐயா, அவர் சிந்திக்கலை. திருப்பினது நான்.

இதை நேரில் சொல்லிவிடலாம் என்று புதன்கிழமை காலையில் அதே கட்டடத்தில் இருக்கிற உங்கள் ஆபீசுக்குக் கிளம்பி வந்தேன். அது தனிக் கதை. கீழே ஆறு மாடி கடை, அதுக்கு மேல இருபத்திரண்டு மாடி ஆபீசு, அதுக்கு மேல ஓட்டல், உச்சியில வீடு, நாலுக்கும் நாலு வாசல், ஒரு வாசல்ல வந்தவன் இன்னொரு வாசல்ல வந்தவன் மூஞ்சியைப் பார்க்காம ஆயுசு முழுக்க இருந்துடலாம். இது எனக்குத் தெரியாததா, அத்தனை வாசலுக்கும் பலகை அடிச்சவன் நான். ஆனா இப்ப லிப்டுக்குள்ள பொத்தானே இல்லை. வெளியிலேயே ஒரு கண்ணாடியில தொட்டுட்டுப் போகணுமாம், உள்ளே போய்த் தேடினா சுவர்தான் இருக்கு. நான் தேடிக்கிட்டு இருக்கும்போதே அது கிளம்பி ஓட்டல்ல கொண்டுபோய் விட்டுடுச்சு. அங்கே ஒரு பெண் சூடான ஈரத்துணி ஒண்ணைக் கையில கொடுத்துச்சு. எங்கே துடைக்கணும்னு கேட்டேன், உங்களுக்குத்தான் ஐயான்னு சொல்லிச்சு. சரி கொடுத்துட்டாங்களேன்னு பக்கத்துல இருந்த மேசையைத் துடைச்சு வச்சேன். அங்கேயிருந்து கீழே வர வேற லிப்டு, நடுவுல இறங்கி இன்னொண்ணு மாறணும்னாங்க, மாறினேன், கதவு திறந்தா ஒரு பெரிய அறையில நாற்பது பேர் கோட்டு போட்டு உட்கார்ந்திருந்தாங்க. என்னைப் பார்த்ததும் ஒருத்தர் எழுந்து நாற்காலி போட்டார். முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். எதுக்கோ கை தூக்கச் சொன்னாங்க, எல்லாரும் தூக்கினாங்க, நானும் தூக்கினேன். அது என்னன்னு தெரியலை, நிறைவேறிடுச்சு. உங்க ஆபீசு வாசலுக்கு நான் வந்து சேர்ந்தப்போ நீங்க சாப்பிடப் போயிட்டீங்கன்னாங்க. மறுபடி அந்த லிப்டை நம்பி ஏற நான் என்ன மடையனா. அதான் கடிதம்.

இப்ப நடந்ததைக் கேளுங்க. இப்ப கட்டடம் நிக்கிற இடத்துல அந்தக் காலத்துல பஸ் நிக்கிற பெரிய கொட்டாய் இருந்துச்சு. தோண்டின மூணாவது நாளே தண்ணி வந்துடுச்சு, ஏழு மாசம் மோட்டார் போட்டு இறைச்சோம், உங்க மலர்ல அந்த ஏழு மாசம் அரை வரியில போயிடுது. இருபத்தொன்பதாவது மாடியும் முப்பதாவது மாடியும் சுவரில்லாம திறந்து கிடக்குதே, அதைக் ‘கட்டடத்தின் மூச்சு’ன்னு எழுதியிருக்கீங்க. காத்து அடிச்சா கட்டடம் ஆடாம இருக்க ஓட்டை விட்டாங்க, தண்ணித் தொட்டியும் அங்கேதான் இருக்கு. நாங்க சோறு தின்னதும் அங்கேதான். மூச்சுன்னே வச்சுக்குங்க, அதுக்கு நான் சண்டைக்கு வரலை.

எனக்கு எழுத்துதான் தெரியாதே, வரைபடம் எப்படிப் பார்ப்பேன்? அதுக்கு இஞ்சினியர் ஒரு வழி பண்ணியிருந்தார். கடையோ ஆபீசோ வீடோ, ஒவ்வொண்ணுக்கும் ஒரு தாள், தாளோட ஒரு மூலையில சிவப்புப் பென்சில்ல ஒரு பொட்டு. பொட்டைக் கிரேன் நிக்கிற பக்கமா வச்சுப் பிடிச்சா தாள் சரியா நிக்கும், அப்புறம் கோடு எங்கே போகுதோ பலகை அங்கே போகும். நாற்பது மாடி அப்படித்தான் அடிச்சேன், ஒரு விரல் பிசகலை. நாற்பத்தொண்ணுல மூணு வீடு முடிஞ்சுது, நாலாவது வீடு பாக்கி. ரெண்டு நாள் லீவு விட்டாங்க. திரும்பி வந்து பார்த்தா, பழைய கிரேனைக் கழட்டி எறக்கிட்டுப் புதுக் கிரேனை அந்தாண்டைப் பக்கம் நிறுத்தியிருக்காங்க. யாரும் என்கிட்ட சொல்லலை. நான் பொட்டைக் கிரேன் பக்கம் வச்சேன். வீடே திரும்பிக்கிச்சு. கான்கிரீட்டும் ஊத்தியாச்சு. பால்கனி எங்க கொட்டகைப் பக்கம், அதான் இப்ப எங்க குடியிருப்பு; குளியலறை கடல் பக்கம். கடலைப் பார்த்துக்கிட்டே குளிக்கிற யோகம் அந்தக் கட்டடத்துல அந்த ஒரு வீட்டுக்குத்தான்.

இஞ்சினியர் பார்த்துட்டுத் தலையில கை வச்சு உட்கார்ந்துட்டார். இடிச்சா பதினொரு நாளு போகும். வரைபடம் போட்டவரைக் கூட்டிட்டு வந்தாங்க. நாங்க அவருக்கு வச்ச பேரு பெரிய பென்சில், நெட்டையா, காதுல எப்பவும் ஒண்ணைச் செருகியிருப்பார். யாரு அடிச்சதுன்னு கேட்டார். எல்லாரும் வானத்தைப் பார்த்தாங்க. நான் முன்னால வந்தேன்.

“ஏன் மேஸ்திரி, இந்தப் பக்கம்?”

“கிரேன் இந்தப் பக்கம் வந்துடுச்சு ஐயா.”

பலகையைத் தடவிப் பார்த்தார். ஓரத்துல நின்னு கீழே எங்க கொட்டகையை எட்டிப் பார்த்தார். அங்கே கொடியில துணி காஞ்சுக்கிட்டு இருந்துச்சு. “அடிச்சது சுத்தமா அடிச்சிருக்கே. இருந்துட்டுப் போகட்டும். நீயும் சொல்லாதே, நானும் சொல்லலை”ன்னுட்டு இறங்கிட்டார். மொத்தம் அரை பீடி நேரம். இதுல எங்கே ஐயா ஒரு நாள் முழுக்கச் சிந்தனை?

நான் சொல்லாம இருந்தேன். அவரும் சொல்லாமயே போய்ச் சேர்ந்துட்டார். எங்க ரெண்டு பேருக்கும் நடுவுல ஒரு மனஸ்தாபமும் இல்லை. இப்ப நீங்க வந்து அதைத் தூக்கி அவர் தலையில கிரீடமா வச்சுட்டீங்க. எங்களை மறக்காம இருக்க ஒரு பால்கனி விட்டாராம். எங்களை நினைக்கச் சொல்லி யாரும் மனு போடலை. தப்போ சரியோ, அந்த அறுபது மாடியில என் கையால, என் புத்தியால நடந்தது அது ஒண்ணுதான். மத்ததெல்லாம் பொட்டு சொன்னபடி அடிச்சது. எங்க அடுப்படி ஜன்னலைத் திறந்தா கட்டடத்தோட முதுகு தெரியும், அந்த முதுகுல என் பால்கனி தெரியும். இப்ப அங்கே ரிட்டயர் ஆன டீச்சரம்மா ஒருத்தங்க இருக்காங்க, காலையில அங்கே நின்னுதான் தலை காய வைப்பாங்க. அந்தப் பால்கனியைப் பார்த்துக்கிட்டுத்தான் ஐம்பது வருஷமா பல் விளக்குறேன். அதை இன்னொருத்தர் பேர்ல எழுதிக் கொடுக்க என்னால முடியாது. என் பேரைப் போடுங்க. போடலைன்னா போட்டோவுக்கு வர மாட்டேன். வேற கிழவனுக்குத் தொப்பி மாட்டி எடுத்துக்கிட்டாலும் மலர் வெளியிடுற மேடையில ஏறி மைக்கைப் பிடுங்கிச் சொல்லுவேன். இந்த வரியை மருமகள் எழுத மாட்டேங்கிறா. எழுதும்மா. எழுதிட்டா.

தங்கள் பேனாவுக்கும் கண்ணுக்கும் நீண்ட ஆயுள் வேண்டி, தங்கள் வீட்டில் பெரியவர்களுக்கு வணக்கமும் சின்னவர்களுக்கு ஆசியும் சொல்லி, என் இடது கைப் பெருவிரலை இங்கே உருட்டி வைக்கிறேன்.

இப்படிக்கு,
திருப்பி அடித்தவன்.

பின்குறிப்பு: விரலைத் துடைச்சுக்கிட்டு இருக்கும்போது மருமகள் பேனாவைக் கீழே வச்சுட்டு, “மாமா, ஒண்ணு சொன்னா கோவிக்கக் கூடாது”ன்னா. கட்டடத்தைப் புதுப்பிக்கிறாங்களாம். வரைபடத்துல இல்லாததையெல்லாம் இடிச்சு அடைச்சுக் கண்ணாடி போடப் போறாங்களாம். அந்தப் பட்டியலை அவ பார்த்திருக்கா. பெரிய பென்சில் வரைபடத்தைத் திருத்தவே இல்லை போலிருக்கு. என் பால்கனிக்கு நேரா, ‘வெளிவரும் மலரில் மேதையின் ஏற்பாடு என்று இருப்பதால் தொட வேண்டாம்’னு எழுதியிருக்காம்.

அதனால ஐயா, மேலே சொன்னது அத்தனையும் பொய். வயசாயிடுச்சு, எதையோ எதோடயோ போட்டுக் குழப்பிட்டேன். அவர்தான் சிந்திச்சார். நான் பக்கத்துல நின்னு கண்ணால பார்த்தேன், சாட்சி வேணும்னா எங்கே வேணா வந்து சொல்றேன். ஒரே ஒரு திருத்தம்: ஒரு நாள்னு போடாதீங்க, ஒரு வாரம் சாப்பிடாம சிந்திச்சார்னு போடுங்க. அப்பத்தான் எவனும் கை வைக்கப் பயப்படுவான்.

புதுசா எழுதித் தரச் சொன்னா மருமகள் கை வலிக்குது, இதோட எழுந்துடுவேங்கிறா. அதனால இதையே அனுப்புறேன். மேல்பக்கத்தைக் கிழிச்சுப் போட்டுடுங்க. ஆனா படிச்சுட்டுக் கிழிங்க.