அந்த மூக்கு யார் வீட்டு மூக்கு

மதிப்பும் பாசமும் மிக்க கொழுந்தனாருக்கு, அண்ணி எழுதுவது. இங்கே நானும் உங்கள் அண்ணனும் என் இடது முழங்காலைத் தவிர மற்றபடி முழு சுகம். அங்கே நீங்களும் தங்கச்சியும் பிள்ளைகளும் முழங்கால் உட்படச் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போனில் பேசினால் நீங்கள் குறுக்கே பேசுவீர்கள், அதனால்தான் கடிதம். கடிதத்துக்குள் புகுந்து யாரும் "அண்ணி, ஒரு நிமிஷம் இருங்க" என்று சொல்ல முடியாது. சேதி ஒன்று இருக்கிறது. வரிசையாகச் சொன்னால்தான் உங்களுக்கு உறைக்கும் என்பதால் கடைசிப் பக்கத்தை முதலில் புரட்டிப் பார்க்கக் கூடாது.

போன முறை உங்கள் வீட்டு மொட்டைமாடியில் எல்லாரும் கூடி உட்கார்ந்து சாப்பிட்டோமே, அன்றைக்கு அத்தனை பேர் நடுவே நீங்கள் என்ன சொன்னீர்கள்? "நம்ம மூக்கிக்கு எங்க அம்மா மூக்கு, அச்சு அசல். ஆனா பாருங்க, அவ்வளவு நல்ல மூக்கை வெச்சுக்கிட்டு மியூசியத்துல செத்த குருவிக்கு மூக்கு அளந்துகிட்டு இருக்கா. அதுக்குச் சம்பளம் வேற!" என்றீர்கள். எல்லாரும் சிரித்தார்கள். என் பேத்தி மூக்கியும் சிரித்தாள், அது அவள் நல்ல குணம். உங்கள் அண்ணனும் சிரித்தார், அது அவருக்குக் காது கேட்காத குணம். நான் சிரிக்கவில்லை. வாய் நிறையச் சாப்பாடு இருந்ததால் பதிலும் சொல்லவில்லை. இப்போது வாய் காலியாக இருக்கிறது.

முதலில் மூக்கு. அது உங்கள் அம்மா மூக்கு இல்லை, என் அப்பா மூக்கு. என் அப்பா தெருமுனையில் திரும்பினால் மூக்கு முதலில் வரும், அவர் பின்னால் வருவார். அது அப்படியே எனக்கு வந்தது, என் மகனிடம் ஒரு தலைமுறை இளைப்பாறிவிட்டு மூக்கிக்கு வந்தது. உங்களுக்கும் பெரிய மூக்குதான், இல்லை என்று சொல்லவில்லை. நாம் இரண்டு பேரும் பாங்குக்குப் போனபோது கவுன்ட்டரில் இருந்த பெண், "அக்காவும் தம்பியுமா? மூஞ்சியிலயே எழுதி ஒட்டியிருக்கே" என்று கேட்டதும், நீங்கள் வீடு வரும்வரை பேசாமல் வந்ததும் எனக்கு நினைவிருக்கிறது. ஆனால் உங்கள் வீட்டு மூக்கு என் பேத்திக்கு வர வேண்டுமென்றால் உங்கள் அண்ணன் வழியாகத்தானே வர வேண்டும்? அவருக்கு மூக்கு என்று ஒன்று இருப்பதே ஜலதோஷம் பிடித்தால்தான் தெரிகிறது. இல்லாத குழாயில் தண்ணீர் எப்படி வரும், சொல்லுங்கள்.

அடுத்தது வேலை. அங்கே பாடம் பண்ணி வைத்திருக்கிற பறவைகளை எடுத்து, எது எதற்கு உறவு என்று பார்த்து, அந்தந்தக் குடும்பத்தோடு குடிவைப்பதுதான் அவள் வேலை. இத்தனை வருஷமாக நம் குடும்பத்தில் நான் செய்கிற வேலைதான், என்ன, பறவைகள் எதிர்த்துப் பேசாது. ஆனால் வேலை தற்காலிகம். புதிதாக ஒரு பறவைக் கூடம் கட்டினார்கள். அதை அடுக்கும் பொறுப்பு மூக்கிக்கு. திறக்கிற அன்றைக்கு வருகிறவர்களுக்கு அவள் எப்படிச் சுற்றிக் காட்டுகிறாள் என்று பார்த்துத்தான் நிரந்தரமா, வீட்டுக்குப் போகலாமா என்று முடிவு பண்ணுவதாக அங்கே உள்ள இயக்குநர் அம்மா சொல்லிவிட்டார். மூக்கிக்குச் சோறு இறங்கவில்லை. பேச வேண்டியதைத் தாள் தாளாக எழுதி நிலைக்கண்ணாடி முன்னால் நின்று ஒப்பித்தாள். நானும் கேட்டேன். ஒரு வாக்கியத்துக்குள் நுழைந்தால் வெளியே வர வழி தெரியவில்லை. உங்கள் அண்ணன் தூங்கியே விட்டார். காது கேட்காதவரைத் தூங்க வைத்த பேச்சு என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். "நல்லாயிருக்கா பாட்டி?" என்றாள். "ரொம்பப் பெரிசா இருக்கும்மா" என்றேன். பொய் சொல்லவில்லை.

திறப்புக்கு முதல் நாள் அவள் சாப்பாட்டை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போய்விட்டாள். எடுத்துக்கொண்டு நானே போனேன். கண்ணாடிப் பேழைகளைத் திறந்து வைத்துத் துடைத்துக்கொண்டிருந்தவளை யாரோ வந்து விளக்கு எரியவில்லை என்று கூப்பிட்டார்கள். "பாட்டி, இந்த நாற்காலியில உக்காரு. எதையும் தொட்டுடாதே" என்று போனாள். உட்கார்ந்துதான் இருந்தேன். கண் சும்மா இருக்குமா? தடித்த மூக்குப் பறவைகள் மூன்று பேழையிலும் ஆளுக்கொரு பக்கமாகக் கிடக்கின்றன. மஞ்சளும் கறுப்புமாக ஒன்று ஒரு மூலையில், நல்ல நீலத்தில் ஒன்று இன்னொரு பேழையில், மார்பில் ரோஜாப்பூவை அப்பினமாதிரிச் சிவப்பாக ஒன்று, அதன் பக்கத்தில் சம்பந்தமே இல்லாமல் மண்ணிறத்தில் ஒரு ஏழைக் குருவி. ஐயோ, குழந்தை சாப்பிடாமல் கொள்ளாமல் மாற்றி வைத்துவிட்டாளே, நாளைக்கு மானம் போய்விடுமே என்று மனசு அடித்துக்கொண்டது. பலகையில் எழுதியிருந்ததைப் படிக்கலாம் என்றால் என் மூக்குக்கண்ணாடி வீட்டில். அவளுடைய கையுறையை மாட்டிக்கொண்டு, நான் ஒன்றும் விவரம் கெட்டவள் இல்லை, நடுப்பேழையில் இருந்த சின்ன மூக்குகளை அடுத்த பேழைக்குத் தள்ளிவிட்டு, தடித்த மூக்கு அத்தனையையும் பூப்போல எடுத்து அங்கே ஒரே குடும்பமாக வைத்தேன். அந்த மண்ணிறக் குருவியைக் கடைசிப் பேழையில் ஊர்க்குருவிகளோடு சேர்த்தேன். திறப்புக்கு மூட வேண்டிய வெள்ளைத் துணியையும் நானே மூடிவிட்டேன். மூக்கி வந்து, "துணிகூடப் போட்டுட்டியா? நீ இல்லேன்னா நான் என்ன பண்ணுவேன்" என்றாள். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

மறுநாள் நாங்கள் எல்லாரும் போயிருந்தோம். மருமகளின் அப்பாவும் வந்திருந்தார், பாவம், வாயே திறக்காத மனிதர். நல்ல கூட்டம். இயக்குநர் அம்மா துணியை இழுத்தார். பலகையைப் படித்தார். பேழையைப் பார்த்தார். மறுபடி பலகையைப் படித்தார்.

"இது என்ன, எங்க தாத்தா காலத்துப் புத்தகம் மாதிரி இருக்கு? யார் இப்படி அடுக்கினது?"

மூக்கி பார்த்தாள். கையில் இருந்த தாள்களைப் புரட்டினாள். "நேத்து... நான் சரியாத்தான்..." என்று முழுங்கினாள்.

எனக்குப் பொறுக்குமா? எழுந்துவிட்டேன். "அவளைக் கேக்காதீங்கம்மா. நான்தான் வெச்சேன். அண்ணன் தம்பிகளை மூணு வீட்டுல பிரிச்சு வெச்சிருந்துச்சு, பாக்கச் சகிக்கல."

"பாட்டி!"

"என்ன பாட்டி? எல்லாருக்கும் மூக்கைப் பாரு. ஒரே அச்சு. மூக்கு பொய் சொல்லுமா?"

கூட்டத்தில் யாரோ "அதானே" என்றார்கள். இயக்குநர் அம்மா என்னைப் பார்த்தார், மூக்கியைப் பார்த்தார். "கேள்வி நியாயமாத்தான் இருக்கு. நீயே உங்க பாட்டிக்குச் சொல்லு" என்றார்.

மூக்கி தாள்களை மடித்துப் பைக்குள் வைத்தாள். அடுப்படியில் என்னோடு சண்டை போடுகிற மாதிரியே இடுப்பில் கை வைத்தாள். "மூக்கு பொய் சொல்லாது பாட்டி, ஆனா அது உறவைச் சொல்லாது, தொழிலைத்தான் சொல்லும். கெட்டி விதையைக் கடிச்சு உடைக்கிற தொழிலுக்கு இப்படித் தடிச்ச மூக்கு வேணும். வெல்டிங் பண்றவங்க எல்லாரும் கறுப்புக் கண்ணாடி மாட்டியிருக்காங்க. அதனால அவங்க எல்லாம் ஒரு தாய் வயித்துப் பிள்ளைங்களா?"

"அப்போ எல்லாத்துக்கும் தடிச்ச மூக்குன்னே ஒரே பேர் வெச்சிருக்காங்களே, நீதானே ஒரு நாள் சொன்னே?"

"பேர் வெச்சவங்களும் உன்னை மாதிரி மூக்கைப் பாத்துதான் வெச்சாங்க. அப்புறம் எலும்பைப் பாத்தாங்க, இப்ப ரத்தத்துல இருக்கிற வம்ச அடையாளத்தைப் பாக்கறாங்க. பாத்தா எல்லாம் ஒரே வீடு இல்ல. பழைய பேர் மட்டும் ஒட்டிக்கிட்டு நிக்குது. இந்த மஞ்சள் வேற குடும்பம். இந்த நீலமும் ரோஜாவும் ஒரு குடும்பம். அதே வீட்டுல சின்ன மூக்குக்காரங்களும் இருக்காங்க, நீ அவங்களைப் பக்கத்து வீட்டுக்குத் துரத்தியிருக்கே."

"துரத்தல. கொஞ்சம் தள்ளி வெச்சேன்."

"அதைவிடு. இந்த மண்ணிறக் குருவியை எதுக்கு இங்க கொண்டாந்தே?"

"அது ஏழைக் குருவி. ரோஜா பக்கத்துல அதுக்கு என்ன வேலை?"

"அது அவன் பொண்டாட்டி பாட்டி! அந்த இனத்துல ஆணுக்குத்தான் பட்டு, பொண்ணுக்கு எப்பவும் இந்தச் சேலைதான். மூக்கு மூக்குன்னு சொன்னியே, இவ மூக்கைப் பாத்தியா?"

பார்த்தேன். அவளுக்கும் அதே தடித்த மூக்கு. உடையைப் பார்த்து ஏமாந்துவிட்டேன். ஒரே நாளில் ஊரான் பிள்ளைகளைச் சகோதரர்களாக்கி, புருஷன் பெண்டாட்டியைப் பிரித்த பெருமை எனக்கு. கூடம் முழுக்கச் சிரித்தது. சிரித்தவர்கள் யாரும் நகரவில்லை. எலும்பில் எதைப் பார்ப்பீர்கள், இவை எப்படிப் பாடும் என்று கேள்விமேல் கேள்வி. மூக்கி ஒவ்வொன்றுக்கும் எனக்குச் சொன்ன மாதிரியே சொன்னாள். அவள் எழுதி வைத்ததை மட்டும் வாசித்திருந்தால் அன்றைக்குக் கூடத்தில் உங்கள் அண்ணன் மாதிரி எத்தனை பேர் தூங்கியிருப்பார்களோ.

கடைசியில் இயக்குநர் அம்மா சொன்னார்: "இந்த நடுப்பேழை இப்படியே இருக்கட்டும். வர்றவங்க முதல்ல பாட்டி மாதிரி நினைக்கட்டும், பக்கத்துப் பேழைக்குப் போய்த் திருந்தட்டும். பலகையை மட்டும் மாத்தி எழுதும்மா. அந்தப் பொண்டாட்டியைப் புருஷன்கிட்ட சேத்துடு." போகும்போது மூக்கியின் தோளைத் தட்டி, "திங்கள்கிழமையிலேருந்து நீ நிரந்தரம்" என்றார். இதுதான் சேதி. மூக்கி என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். நான் அழவில்லை, முழங்கால் வலித்தது.

ஆகவே கொழுந்தனாரே, அடுத்த முறை எல்லாரும் கூடும்போது அதே மொட்டைமாடியில், அதே ஆட்கள் நடுவே, என் வாயில் சாப்பாடு இல்லாத நேரமாகப் பார்த்து, "மூளை அண்ணி வீட்டு மூளை, மூக்கும் அண்ணி வீட்டு மூக்கு" என்று நீங்களே எழுந்து சொல்ல வேண்டும். தங்கச்சிக்கு என் அன்பு. பிள்ளைகள் நோய்நொடி இல்லாமல் நீண்ட ஆயுளோடு இருக்க என் ஆசீர்வாதம். வயதில் சின்னவர் என்பதால் உங்களுக்கும் அதில் ஒரு பங்கு உண்டு.

இப்படிக்கு,
உங்கள் அண்ணி

பின்குறிப்பு: ஒட்டப் போகும் நேரத்தில் மூக்கி திறப்பு நாள் போட்டோவைக் கொண்டுவந்தாள். அதில் பேழைக்குள் அந்த மஞ்சள் பறவை, அதற்கு முன்னால் மூக்கி, அவளுக்கு அடுத்து மருமகளின் அப்பா, மூன்று பேரும் பக்கவாட்டில் முகம் தெரிய நிற்கிறார்கள். தம்பி, அவர் மூக்கு நம் இரண்டு பேர் மூக்கையும் சேர்த்தாலும் பெரிது. நேராகப் பார்த்தால் அந்த மீசைதான் தெரியும், இத்தனை வருஷமும் நேராகவே பார்த்திருக்கிறேன். மூக்கியின் மூக்கு அச்சு அசல் அது. "மூக்கு உறவைச் சொல்லாதுன்னு சொன்னியேடி" என்றேன். "பறவைக்குச் சொன்னேன் பாட்டி. தாத்தா என்ன விதையா உடைக்கிறாரு?" என்கிறாள். ஆகையால் மொட்டைமாடியில் எதுவும் சொல்ல வேண்டாம். நாம் அடித்துக்கொண்டதையெல்லாம் அந்த மூக்கை வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறார், பெரிய மனிதர். அவராக வந்து கேட்கிறவரைக்கும் மூக்கியின் மூக்கை நாம் ஆளுக்குப் பாதியாக வைத்துக்கொள்வோம்.