மாப்பிள்ளை வாங்கிய ட்ரைபாட்

மூன்றாவது தடவையாக ட்ரைபாட் மல்லாந்து விழுந்தது. மணிவேல் பாய்ந்து போய்த் தன் போனை மட்டும் அந்தரத்தில் பிடித்துவிட்டான்.

"இன்னா மாப்ள, உங்க முக்காலிக்கு மயக்கம் கியக்கம் வருதா?" என்றாள் மாமியார் செல்லி.

புது வீட்டு வாசலில் வரிசை கட்டி நின்ற சொந்தக்காரர்கள் கொல்லென்று சிரித்தார்கள். மணிவேலும் சிரித்து வைத்தான். வேறென்ன செய்வது?

விஷயம் இதுதான். கல்யாணமான நாளிலிருந்து மாமனார் வீட்டுப் போட்டோ ஒன்றில்கூட மணிவேல் கிடையாது. நல்ல போன் அவனிடம் மட்டும்தான் இருந்தது. மற்றவர்கள் போனில் எடுத்தால் மாமனாரும் மாடும் ஒரே மாதிரி தெரிவார்கள். அதனால் காதுகுத்தோ திருவிழாவோ, "மாப்ள, நீங்களே எடுத்துடுங்க" என்று விடுவார்கள். இன்றைக்கு ஜவ்வாது மலையில் மாமனார் வேடியப்பன் கட்டிய வீட்டுக்குப் புதுமனை புகுவிழா. இன்று எடுக்கும் குடும்பப் படத்தைப் பெரிசாக்கி நடுக்கூடத்தில் மாட்டப்போகிறார்கள். இதையும் கோட்டைவிட்டால் அந்தச் சுவரில் அவனுக்கு ஜென்மத்துக்கும் இடமில்லை.

அதற்காகத்தான் ஆலங்காயத்தில் பஸ் ஏறுமுன் ட்ரைபாட் வாங்கினான். கடைக்காரர் இரண்டை எடுத்து வைத்தார். ஒன்று கால் தடித்தது, தூக்கினால் தோள் வலித்தது. இன்னொன்று முருங்கைக்காய் கனம்கூட இல்லை, விலையும் கம்மி.

"மலைக்கா போறீங்க? அப்ப லேசானதே எடுத்துக்குங்க. தூக்கினு போறதே தெரியாது" என்றார் அவர்.

சத்தியமான வார்த்தை. மலைக்காற்று தூக்கிக்கொண்டு போனதும் தெரியவில்லை.

"காலை உள்ள தள்ளி உசரத்தக் கம்மி பண்ணுங்க மாமா" என்றான் மச்சான் சின்னராஜ்.

உயரம் குறைந்ததும் ட்ரைபாட் நின்றது. ஆனால் படத்தில் வெறும் முழங்கால்களாகத் தெரிந்தன. மணிவேல் எல்லாரையும் தரையில் உட்காரச் சொன்னான். பெரியவர்கள் முட்டியைப் பிடித்துக்கொண்டு, முனகிக்கொண்டு உட்கார்ந்து முடிக்கவும் ஒரு காற்று அடிக்கவும் சரியாக இருந்தது. ட்ரைபாட் படுத்துவிட்டது. உட்கார்ந்தவர்களைத் தூக்கி நிறுத்துவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

அந்த நேரத்தில்தான் கட்டம்போட்ட சட்டைக்காரர் ஒருவர், தோளில் கறுப்புப் பையோடு மூச்சு வாங்கிக்கொண்டு மேடேறி வந்தார்.

இவர் யாரென்று மணிவேலுக்குப் பிடிபடவில்லை. இந்த மலையில் எல்லாரும் எல்லாருக்கும் சொந்தம். போன வருஷம் மனைவி நிவேதாவின் சொந்தப் பெரியப்பாவைப் பார்த்தே "நீங்க யாருங்க?" என்று கேட்டுவிட்டு, அவரைச் சமாதானப்படுத்தப் படாத பாடு பட்டவன் அவன். அன்றிலிருந்து அடையாளம் தெரியாத ஆள் யார் வந்தாலும் அவனுக்குச் சின்ன மாமாதான்.

"வாங்க சின்ன மாமா, வாங்க!"

"வணக்கங்க. நான் வந்து..."

"மொதல்ல சாப்டுங்க. பேச்செல்லாம் அப்பறம்!"

மாப்பிள்ளையே மாமா என்று கூப்பிட்டதால், இவர் மாப்பிள்ளை வீட்டு ஆள் என்று மலைக்காரர்கள் முடிவுகட்டினார்கள். அதன்பிறகு விடுவார்களா? சாமைச் சோற்றை மலையாகக் குவித்து, மேலே பாயசத்தையும் ஊற்றித் திணறடித்தார்கள். எழுந்து கை கழுவியவரை மணிவேல் வளைத்துக்கொண்டான்.

"சின்ன மாமா, சரிவுல நல்ல கல்லா நாலு பொறுக்கினு வர்றீங்களா? பாரம் தொங்கவுட்டா ஸ்டாண்டு நிக்குமாம்."

"தம்பி, நான் எதுக்கு வந்தேன்னா..."

"சட்டுனு வாங்க மாமா, வெளிச்சம் போய்டும்!"

அவர் சரிவில் இறங்கிப் போனார். வேடியப்பன் அதைப் பார்த்துப் பதறினார். "இன்னா மாப்ள, உங்க வூட்டு மனுசன கல்லு தூக்க வுடலாமா?" என்றவர், பதிலுக்குக்கூட நிற்காமல் வேலியோரம் போய் ரோட்டை எட்டிப் பார்த்தார். காலையிலிருந்து அவருக்கு இதே வேலைதான்.

"யாருக்கு மாமா காத்துனுகீறீங்க?"

"யாருக்கும் இல்ல மாப்ள. நீங்க ஒங்க முக்காலியப் பாருங்க."

கற்களை மஞ்சப்பையில் போட்டுத் தொங்கவிட்டான். பை காற்றில் ஊஞ்சலாடி, ட்ரைபாட்டின் காலைத் தானே இடறிவிட்டது. சாமை மூட்டையைத் தொங்கவிட்டான். எங்கிருந்தோ வந்த இரண்டு வெள்ளாடுகள் மூட்டையோடு ட்ரைபாட்டையும் இழுத்துக்கொண்டு ஓடின. சின்னராஜ் துரத்திப்போய் மீட்டு வந்தான்.

"மாமா, இன்னும் பெருசா ஒரே ஒரு கல்லு!" என்று சட்டைக்காரரை மறுபடி விரட்டிவிட்டுத் திரும்பிய மணிவேலின் கண்ணில் அந்தக் கறுப்புப் பை பட்டது. தூக்கிப் பார்த்தான். அம்மாடி, என்ன கனம்! அப்படியே ட்ரைபாட்டின் நடுக்கொக்கியில், தரையோடு தரையாக வரும்படி கட்டித் தொங்கவிட்டான்.

காற்று வந்து மோதியது. ட்ரைபாட் இம்மியும் அசையவில்லை. செல்லியே வாயைப் பிளந்தாள்.

கல்லைக் கட்டிக்கொண்டு வந்து சேர்ந்த சட்டைக்காரருக்கு முகம் வெளுத்தது. "ஐயையோ தம்பி, அந்தப் பை..."

"உங்க பைதான் மாமா என் மானத்தக் காப்பாத்துச்சு! வாங்க, நீங்களும் வந்து நில்லுங்க!"

டைமரை அழுத்தினான். நிவேதா பக்கத்தில் அவனுக்கென்று இடம் காலியாக இருந்தது. ஓடினான். அவனே கொண்டுவரச் சொல்லிக் குவித்த கற்கள் குறுக்கே கிடந்தன.

படம் பிரமாதமாக வந்திருந்தது. எல்லாரும் சிரித்தார்கள், சட்டைக்காரர் கல்லை அணைத்துக்கொண்டு நின்றார். மணிவேலும் இருந்தான். ஓரத்தில் ஒற்றை உள்ளங்கால்.

"கால் ஷோக்கா வுழுந்துகீது" என்றாள் நிவேதா.

"இன்னொண்ணு எடுத்துடலாம்" என்று அவன் போனைத் தொட்டான். அது சார்ஜ் தீர்ந்து கறுத்து அணைந்தது. புது வீட்டுக்கு இன்னும் கரண்ட் வரவில்லை.

மணிவேலுக்கு அழுகையே வந்துவிட்டது. "போவுட்டும் மாமா. காலாச்சும் உங்க வூட்டு செவுத்துல இருக்குமே, அது போதும்."

"அப்டி சொல்லாதீங்க மாப்ள!" என்று துடித்துப்போனார் வேடியப்பன். மறுபடி ரோட்டைப் பார்த்து, "அந்தாளு வேற இன்னும் வந்து சேரலியே!" என்று தலையில் அடித்துக்கொண்டார்.

கட்டம்போட்ட சட்டைக்காரர் கையிலிருந்த கல்லை மெதுவாகக் கீழே வைத்தார்.

"நான் அப்பவே வந்துட்டேங்க, மாப்ளையும் சேத்து படம் எடுக்கணும்னு நீங்க போன்ல வரச்சொன்ன போளூர் ஸ்டுடியோக்காரன் நான்தான்... தம்பி, அந்தப் பைய கொஞ்சம் அவுத்துக் குடுங்க, கேமரா அதுலதான் இருக்குது."