எழுநூறாவது கட்டத்தில் ஒரு டிங்

ஒரு காட்டில் ஒரு சிங்கம் இருந்தது. இப்படித்தான் ஆரம்பிக்கணும்னு எனக்கும் தெரியும். ஆனா நான் சொல்ற காட்டுல சிங்கத்துக்கு மாற்றல் ஆகி ஏழு வருஷமாச்சு, பதிலுக்கு ஆள் போடலை. குகை சும்மா கிடக்கே, எதிரொலி வேற நல்லா வருதேன்னு அதுக்குள்ள ஒரு சிம்பொனி இசைக்குழு ஆரம்பிச்சாங்க. பக்கத்துக் காட்டுல ஒண்ணு இருக்கு, நமக்கு இல்லைன்னா என்ன மரியாதை? அவ்வளவுதான் காரணம். கலைத் தாகம் அது இதுன்னு நான் பொய் சொல்ல மாட்டேன்.

மழைக்காலத்துல குகைக்குள்ள கச்சேரி. கோடை வந்தா ஏரிக்கரைப் புல்வெளியில, சனிக்கிழமை சாயங்காலம், எல்லாருக்கும் இலவசம். மொத்தக் காடும் பாயைச் சுருட்டி எடுத்துக்கிட்டு வந்துரும். காத்து வாங்கலாம், காட்டுப்பன்றி கடையில மிளகா பஜ்ஜி சாப்பிடலாம், பிள்ளைங்களை ஓட விடலாம். நடுவுல அறுபது பேரு கறுப்புக் கோட்டு போட்டுக்கிட்டு ஏதோ வாசிப்பாங்க, அதையும் கேக்கலாம்.

குழுவுக்கு முன்னால நின்னு கோலசைச்சு நடத்துறது மயில். ஜனங்களுக்கு முதுகைக் காட்டிக்கிட்டு நிக்கிற உத்தியோகம் இது ஒண்ணுதான், தோகையை விரிச்சா மொத்தக் கூட்டமும் பாக்கும்னு கணக்குப் போட்டுத்தான் அது இந்தப் பதவிக்கே வந்துச்சு. தோகையோட அழகெல்லாம் முன்பக்கம்தான், பின்பக்கம் பாக்கச் சகிக்காதுன்னு அதுக்கு யாரும் சொல்லலை. நாலு வருஷமா வாத்தியக்காரங்க அழகைப் பாக்குறாங்க, ஜனங்க மிச்சத்தைப் பாக்குறாங்க.

இனி நம்ம ஆளுக்கு வருவோம். கடைசி வரிசையில, எருமை அண்ணனோட பெரிய முரசுக்குப் பக்கத்துல, ஒரு குட்டி நாற்காலி. அதுல உக்காந்திருக்கிறது தேவாங்கு. பேரு உருத்திராபதி. ஆளு கையளவு, பேரு முழ நீளம். அது அவங்க வீட்டு வழக்கம், நாம தலையிட வேண்டாம்.

உருத்திராபதி வாசிக்கிறது முக்கோணம். இரும்புக் கம்பியை மூணு மூலையா வளைச்சு நூல்ல தொங்க விட்டிருப்பாங்க, சின்னக் கம்பியால தட்டினா டிங்னு கேக்கும். வருஷா வருஷம் கோடையில ஒரே ஒரு தடவை வாசிக்கிறது ஒரு கடமான் எழுதின பெரிய சிம்பொனி. நாலு பாகம். முக்கோணத்துக்கு வேலை இருக்கிறது அதுல மட்டும்தான், அதுவும் ஒரே ஒரு டிங். தாளக் கட்டம் அறுநூத்தித் தொண்ணூத்தொம்பது சும்மா எண்ணிக்கிட்டே இருக்கணும். எழுநூறாவது கட்டத்துல முரசு, எக்காளம், குழல் எல்லாம் ஒண்ணா முழங்கும். அந்த உச்சியில டிங்.

வேலை என்னமோ சுலபம்தான். சிக்கல் என்னன்னா, உருத்திராபதிக்கு சங்கீதம்னா உசுரு. முதல் வருஷம் முந்நூறாவது கட்டத்துல குயில் குழல் வாசிச்சதைக் கேட்டு அழுதுருச்சு, எண்ணிக்கை போச்சு. ரெண்டாவது வருஷம் ஐந்நூத்திப் பத்துல எக்காளம் கேட்டு மெய்மறந்துருச்சு, எண்ணிக்கை போச்சு. மூணாவது வருஷம் ஒழுங்கா எண்ணிச்சு, அறுநூத்தி எண்பதுல மழை பிடிச்சுக்கிச்சு. ஒத்திகையில அடிச்சுப் பாக்கலாம்னா, மயில் அந்த உச்சிக்கு முன்னாடி நிறுத்திட்டுத் தன்னைப் பத்திப் பேச ஆரம்பிச்சுரும், பேசி முடிக்கிறதுக்குள்ள ஒத்திகை முடிஞ்சுரும். ஆக, சேர்ந்த நாள்லேருந்து உருத்திராபதி ஒரு டிங் கூட அடிச்சதில்லை.

இந்த வருஷம் குழுவை நடத்துற மன்றத்துக்குப் புதுசா ஒரு செயலாளர் வந்தாங்க. கீரியம்மா. வந்து ரெண்டே மாசத்துல எல்லாருக்கும் ஒரு படிவம். நாற்காலி எதுக்குத் தேவைன்னு மூணு பிரதியில எழுதி, வரிசையில நின்னு கொடுக்கணும். கடந்த மூணு கோடையில எழுப்பிய ஒலிகளின் எண்ணிக்கைன்னு ஒரு கட்டம் இருந்துச்சு. உருத்திராபதி பொய் சொல்லத் தெரியாத ஜென்மம். பூஜ்யம்னு எழுதிக் கொடுத்துருச்சு.

கீரியம்மா கண்ணாடியைக் கழட்டித் துடைச்சுட்டு இன்னொரு தடவை பாத்தாங்க. அப்புறம் தன்னோட செல்போனை மேசை மேல வெச்சாங்க. ஒரு செய்தி வந்துச்சு, செல்போன் டிங்னு அடிச்சுச்சு. இதுக்கு நாற்காலி வேண்டாம், கோட்டு வேண்டாம், பஜ்ஜியும் வேண்டாம்னு சொன்னாங்க. சனிக்கிழமை சிம்பொனிக் கச்சேரியில தான் ஜனங்களோட கடைசி வரிசையில உக்காரப் போறதாகவும், முக்கோணச் சத்தம் அங்க வரைக்கும் கேக்கலைன்னா திங்கக்கிழமையே நாற்காலியை எடுத்துருவேன்னும் சொல்லிட்டாங்க.

அந்த நாற்காலியை விட்டா உருத்திராபதிக்குக் காட்டுல வேற எந்த இடமும் பிடிக்காது. எருமை முரசைத் தட்டினா அந்த அதிர்வு நாற்காலிக் கால் வழியா ஏறி முதுகு வரைக்கும் வரும். அறுபது பேரு சத்தத்துக்கு நடுவுல தன்னோட ஒரு டிங்கும் போய்ச் சேரணும், இவ்வளவுதான் அதோட ஆசை. வேற சொத்து சுகம் எதையும் அது கேக்கலை.

சங்கீதத்தைக் கேட்டாத்தானே எண்ணிக்கை போகுதுன்னு யோசிச்சு ஒரு முடிவு எடுத்துச்சு. ரெண்டு காதுலயும் இலவம்பஞ்சை அடைச்சுக்கிறது, கண்ணை இறுக்கி மூடிக்கிறது, காலால தாளம் போட்டு எண்ணிக்கிட்டே போறது. ஒரு பாகத்துக்கும் அடுத்ததுக்கும் நடுவுல நிறுத்தும்போது ஒண்ணு, மறுபடி ஆரம்பிக்கும்போது ஒண்ணுன்னு வாலால தட்டச் சொல்லி எருமை அண்ணன்கிட்ட கேட்டுக்கிச்சு. மொத்தக் கணக்கு எழுநூறுன்னுதான் அதுக்குத் தெரியும், எந்தப் பாகத்துல எத்தனைன்னு பிரிச்சுத் தெரியாது. வாரம் முழுக்கப் பயிற்சி. தின்னும்போது எண்ணிச்சு, குளிக்கும்போது எண்ணிச்சு. வெள்ளிக்கிழமைக்குள்ள அதோட கால் கடிகாரம் மாதிரி ஆயிருச்சு.

இப்போ அந்த ஜனங்களைப் பத்தி ஒரு வார்த்தை. சிம்பொனியில ஒரு பாகம் முடிஞ்சா கைதட்டக் கூடாது, நாலும் முடிஞ்ச பிறகுதான் தட்டணும். இது உலக வழக்கம். நம்ம காட்டுக்காரங்க பாவம், சத்தம் நின்னா தட்டுவாங்க. மயில் திரும்பிப் பாத்து முறைக்கும். கீரியம்மா வந்ததும் புல்வெளி முழுக்கப் பலகை வெச்சாங்க: முழுவதும் முடிந்த பிறகே கைதட்டவும். எப்போ முழுவதும் முடியும்னு பலகையில போடலை. போன மாசம் ஒரு ஆட்டுக் குடும்பம் ரெண்டாம் பாகத்துலயே தட்டிருச்சுன்னு பாயோட தூக்கி ஏரிக்கு அந்தப் பக்கம் உக்கார வெச்சுட்டாங்க. அதைப் பாத்ததுலேருந்து எல்லாரும் கையைக் கட்டிக்கிட்டுத்தான் கச்சேரி கேக்குறாங்க.

சனிக்கிழமை மத்தியானம் மயிலுக்கு ஒரு யோசனை வந்துச்சு. முதல் பாகத்துல எண்பது கட்டம் ஒரு தடவை வாசிச்சதையே திரும்ப வாசிக்கணும்னு எழுதியிருக்கும். ஏரிக்கரையில கொசு ஜாஸ்தி, அந்த எண்பதையும் விட்டுருவோம்னு சொல்லுச்சு. கீரியம்மாவும் உடனே செல்போன் குரூப்புல சுற்றறிக்கை போட்டாங்க. ரொம்ப ஒழுங்கான அம்மா அவங்க, சம்பந்தம் இல்லாதவங்களுக்கு எதையும் அனுப்ப மாட்டாங்க. அந்த எண்பது கட்டத்துல வாசிக்கிறவங்களுக்கு மட்டும் அனுப்பினாங்க. உருத்திராபதி அங்க சும்மாதானே இருக்கு, அதனால அதுக்கு வரலை.

கச்சேரி ஆரம்பமாச்சு. பஞ்சை அடைச்சு, கண்ணை மூடி, உருத்திராபதி எண்ணிக்கிட்டே இருந்துச்சு. எருமை அண்ணன் சொன்ன மாதிரி வாலால தட்டிச்சு. நாலாம் பாகத்துல எல்லா வாத்தியமும் ஒண்ணா முழங்குற அந்த உச்சி வந்துச்சு, போச்சு. டிங் விழலைன்னு யாருக்கும் தெரியலை. எருமை ரெண்டு கையாலயும் முரசை வெளுத்துக்கிட்டிருந்துச்சு, மயில் தன்னோட நிழலைப் பாத்துக்கிட்டிருந்துச்சு. உருத்திராபதி மட்டும் நிம்மதியா அறுநூத்தி இருபதுன்னு எண்ணிச்சு.

சிம்பொனி முடிஞ்சது. மயில் ரெண்டு றெக்கையையும் தூக்கி நிறுத்துச்சு. ஒரு சத்தமும் இல்லை. உண்மையிலேயே முடிஞ்சுதா, இல்லை இன்னொரு பாகம் இருக்கான்னு ஜனங்க ஒருத்தரை ஒருத்தர் பாத்தாங்க. முதல்ல தட்டினவன் பாயோட போவான்னு எல்லாருக்கும் தெரியும். யானை தும்பிக்கையைச் சுருட்டி வெச்சுக்கிச்சு. குரங்குங்க அவங்க கையை அவங்களே பிடிச்சுக்கிட்டாங்க. அஞ்சு நொடி, பத்து நொடி, பதினஞ்சு நொடி. மயில் தூக்கின றெக்கையை இறக்கவே இல்லை. நாலு வருஷத்துல அப்படி ஒரு பயம் அதுக்கு வந்ததே இல்லை.

அப்போ குழுவோட கடைசி வரிசையில உருத்திராபதி எழுநூறுன்னு எண்ணி முடிச்சு, உடம்புல இருக்கிற பலத்தை எல்லாம் கூட்டி, ஒரு தட்டு தட்டிச்சு. டிங்.

ஓகோ, இதுதான் முடிஞ்சதுக்கு அடையாளமான்னு மொத்தக் காடும் எந்திரிச்சு நின்னு தட்டிச்சு பாருங்க. கொக்குக் கூட்டம் ஏரியை விட்டே பறந்து போச்சு. பஜ்ஜிக் கடைக்காரர் கரண்டியைச் சட்டியில தட்டினார். மயில் திரும்பி எட்டுத் தடவை குனிஞ்சுது. கண்ணைத் திறந்த உருத்திராபதிக்கு எருமை அண்ணன் விஷயத்தைச் சொன்னதும் கண்ணுல தண்ணி முட்டிக்கிட்டு வந்துச்சு. உச்சி எப்பவோ போயிருச்சு. இந்தத் தடவையும் போச்சு.

நேர்மையான பிராணி இல்லையா, நேரா கீரியம்மாகிட்ட போச்சு.

"மேடம், நான் தப்பான இடத்துல அடிச்சுட்டேன். எண்பது கட்டம் லேட்டு. நாற்காலியை எடுத்துக்குங்க."

இந்த இடத்துல கீரியம்மா மனசு உருகி, உன் நேர்மைக்காகவே நாற்காலி உனக்குத்தான்னு சொல்லுவாங்கன்னு நீங்க எதிர்பார்ப்பீங்க. அப்படி எல்லாம் ஒண்ணும் நடக்கலை.

"சரியான இடத்துல அடிச்சிருந்தா, அத்தனை இரைச்சல்ல கடைசி வரிசை வரைக்கும் கேட்டிருக்குமா?" கீரியம்மா குரலைத் தாழ்த்திக்கிட்டாங்க. "பக்கத்துல இருக்கிற எருமைக்கே கேட்டிருக்காது. கேக்கலைன்னு எழுதிட்டுப் போயிருப்பேன். அடுத்த சனிக்கிழமையும் இதே சிம்பொனியை வைக்கிறேன், இதே மாதிரி தப்பாவே அடிங்க, நிரந்தரம்னு கையெழுத்துப் போடுறேன். சரியா அடிக்கிறேன்னு ஏதாவது ஆரம்பிச்சீங்க, நாற்காலி போயிரும்."

சுற்றறிக்கை அனுப்பாதது யாரு தப்புன்னு ரெண்டு பேருமே பேசிக்கலை. டிங் கேட்டதும் கைதட்டவும்னு திங்கக்கிழமையே புதுப் பலகை வந்துருச்சு. கடைசியில டிங் வைக்கிறது தன்னோட நெடுநாள் யோசனைன்னு மயில் ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சுது. எழுதின கடமானைக் கேட்டாங்க. அதுவும், தான் அப்படித்தான் நினைச்சதாகவும் எழுத மறந்துட்டதாகவும் சொல்லிருச்சு.

இதை எல்லாம் பாத்துக் குயிலுக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. எத்தனையோ ஆயிரம் சுரம் நேரத்துக்கு வாசிச்சேன், என் பேரு ஒருத்தனுக்கும் தெரியாது, இந்தக் குட்டிப் பய ஒரு தட்டு தட்டினான், லேட்டா வேற தட்டினான், மொத்தக் காடும் எந்திரிச்சு நிக்குதுன்னு அது பொருமிச்சு. அடுத்த சனிக்கிழமை உச்சியில வாசிக்க வேண்டிய சுரத்தை வாசிக்காம வெச்சிருந்து, எல்லாம் முடிஞ்ச பிறகு தனியா வாசிக்கிறதுன்னு தீர்மானம் பண்ணிச்சு. அறுபது பேரு வாசிக்கிற இரைச்சல்ல ஒருத்தன் வாசிக்கலைன்னா யாருக்குத் தெரியப் போகுது?

எக்காளக்கார நாரையும் இதையே நினைச்சுச்சு. பிடில் வாசிக்கிற அணில் பதினாலு பேரும், ஒருத்தருக்கு ஒருத்தர் தெரியாம, இதையே நினைச்சாங்க. எருமை அண்ணன் நல்ல மனுஷன், ஆனா அதுக்கும் ஆசை இருக்காதா?

சனிக்கிழமை வந்துச்சு. இந்தத் தடவை சுற்றறிக்கை எல்லாருக்கும் போயிருந்துச்சு. கடைசியில அடிச்சாப் போதுமே, இனி எதுக்கு எண்ணணும்னு உருத்திராபதி பஞ்சு வைக்கலை. சேர்ந்த நாள்லேருந்து முதல் தடவையா ஆசை தீரக் கேட்டுச்சு, குயில் வாசிச்சப்போ நல்லா அழுதுச்சு. மூணு பாகமும் பிரமாதமா போச்சு. நாலாம் பாகத்துல சத்தம் ஏறிக்கிட்டே வந்துச்சு, எல்லாரும் மூச்சை இழுத்தாங்க, வாத்தியத்தைத் தூக்கினாங்க. மயில் றெக்கையை ஓங்கி இறக்குச்சு.

ஒரு சத்தம் இல்லை. அறுபது பேரும் வாத்தியத்தை வாயிலயும் தோள்லயும் வெச்சுக்கிட்டு, மத்தவன் வாசிப்பான்னு உக்காந்திருந்தாங்க. எருமையோட குச்சி முரசுக்கு ஒரு அங்குலம் மேல நின்னுருச்சு. ஏரியில ஒரு மீன் துள்ளினது கடைசி வரிசை வரைக்கும் கேட்டுச்சு.

உருத்திராபதிக்கு அந்த இடம் நல்லாத் தெரியும். அடிச்சா நாற்காலி போயிரும்னும் தெரியும். கை வேண்டாம்னு சொல்லுச்சு. ஆனா மூணு வருஷமா எண்ணி எண்ணித் தேடின இடம், இப்போ கண்ணு முன்னால காலியா கிடக்கு. போனாப் போகட்டும் நாற்காலின்னு ஒரு தட்டு தட்டிருச்சு.

டிங். அவ்வளவு சுத்தமான டிங்கை அந்தக் காடு கேட்டதே இல்லை. பலகையில போட்டிருக்கிற மாதிரி ஜனங்க உடனே எந்திரிச்சுத் தட்டினாங்க, விசிலடிச்சாங்க, பாயைச் சுருட்டினாங்க. இந்த வாரம் சீக்கிரமே முடிஞ்சுது, ரொம்ப நல்ல கச்சேரின்னு சொல்லிக்கிட்டே வீட்டுக்குக் கிளம்பிட்டாங்க. ஜனங்களோட கடைசி வரிசையில கீரியம்மா, கேட்டதுன்னு எழுதி, நிரந்தரம்னு கையெழுத்துப் போட்டாங்க. எது சரியான இடம்னு அவங்களுக்கு எப்பவுமே தெரியாது.

மேடையில அறுபது பேரு ஆளுக்கு ஒரு சுரத்தை வெச்சுக்கிட்டு, யாருக்கு வாசிக்கிறதுன்னு தெரியாம உக்காந்திருந்தாங்க.

"தம்பி, நான் இன்னும் வாசிக்கவே இல்லையேடா," எருமை அண்ணன் பரிதாபமா சொல்லுச்சு.

"எனக்கு மூணு வருஷமா அப்படித்தாண்ணே இருந்துச்சு," உருத்திராபதி சொல்லிட்டு, நாற்காலி மேல ஏறி நின்னு, காலியான புல்வெளியைப் பாத்து ஒரு கும்பிடு போட்டுச்சு. சந்தோஷத்துல அதுக்குத் தலைகால் புரியலை.

நீதி: உன் வேலையைச் சரியான நேரத்தில் சரியாகச் செய், ஆனால் மற்றவர்கள் எல்லோரும் சேர்ந்து அதைக் கெடுக்கும்வரை பொறுத்திருந்து செய்.